ஒரு காட், நாலு கை

"உங்கள் இரகசிய இலக்கத்தை எவரிடமும் கூறாதீர்கள்" என்று ஏ.ரி.எம். கூடுகளில் ஒட்டியிருக்கும். ஓய்வூதியம் வரும் நாட்களில் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரி வீதிப் பக்கம் போனால், அந்த எழுத்துகளுக்குக் கீழேயே நின்று ஒரு வயதான அம்மா, பின்னால் நிற்கும் பெடியனிடம் காட்டையும் மடித்த துண்டு ஒன்றையும் நீட்டுவதைக் காணலாம். "மோனை, ஒருக்கா எடுத்துத் தாங்கோ." அந்தப் பெடியன் பெரும்பாலும் நல்ல பிள்ளைதான். காசை எடுத்து, எண்ணிக் காட்டி, துண்டையும் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போவான்.

வங்கிகள் அச்சிடும் பாதுகாப்புப் பிரசுரங்கள் எல்லாம் ஒரு ஆளுக்கு ஒரு கணக்கு, ஒரு போன், ஒரு காட் என்று நினைத்து எழுதப்பட்டவை. எங்கள் ஊர் வீடுகளில் அப்படி எங்கே இருக்கிறது? அம்மாவின் காட் மகளின் கைப்பையில் இருக்கும். இணைய வங்கியின் கடவுச்சொல் மருமகனுக்குத்தான் தெரியும். வங்கியின் எஸ்.எம்.எஸ். வந்துவிழும் சிம், கனடாவுக்குப் போய்விட்ட அண்ணையின் பெயரில் எடுத்தது. ரொறன்ரோச் சித்தியின் கிரடிட் காட் இலக்கம் கொக்குவிலில் இருக்கும் பெறாமகளின் போனில் சேமிக்கப்பட்டிருக்கும், பிறந்தநாள் கேக் ஓடர் பண்ணுவதற்காக.

இதைப் பிழை என்று சொல்ல எனக்கு மனமில்லை. போர்க்காலத்தில் பாதை பூட்டியிருந்தபோதும், வெளிநாட்டுப் பிள்ளைகளின் காசு, வங்கி இல்லாமல் காசு மாற்றிக் கொடுக்கும் உண்டியல்காரர் வழியாக, கைமாறிக் கைமாறி வீடு வந்து சேர்ந்தது இந்த நம்பிக்கையில்தான். கணினி வகுப்பு எடுக்கிறவன் என்பதால், அயலில் யாருடைய போனுக்குப் புதிதாக என்ன வந்தாலும் என்னிடம் கொண்டுவருவார்கள். அவர்களிடம் "ஒருவரையும் நம்பாதேங்கோ" என்று நான் சொல்வதில்லை. எழுபது வயதில் தனியாக இருக்கும் ஒருவர் யாரையாவது நம்பித்தான் ஆகவேண்டும். நான் கேட்பது வேறு கேள்வி. பல கை படும் அந்தக் கணக்கில் எவ்வளவு காசு கிடக்கிறது?

பதில் கேட்டால் பயமாக இருக்கும். மகன் அனுப்பிய காசு, காணி விற்ற காசு, மகளின் கலியாணத்துக்கு வைத்திருப்பது, எல்லாம் ஒரே சேமிப்புக் கணக்கில். அதே கணக்குக்கு ஒரு டெபிட் காட். அதே காட்டால்தான் போனுக்கு ரீலோட், இணையத்தில் உடுப்பு, பிள்ளையின் விளையாட்டுச் செயலிக்கு மாதக் கட்டணம்.

கிரடிட் காட் என்றால் எங்கள் ஆட்களுக்கு ஒரு வெறுப்பு உண்டு. "கடன்" என்று காதில் விழுந்தாலே வேண்டாம் என்பார்கள். செலவு விஷயத்தில் அது நல்ல குணம். இணையத்தில் மட்டும் அது எதிர்ப்பக்கமாக வேலை செய்கிறது. டெபிட் காட்டைத் திருடன் பாவித்தால் போவது உங்கள் சொந்தக் காசு. வங்கி விசாரித்து முடிக்கும்வரை அது கணக்கில் இருக்காது. கிரடிட் காட்டில் போவது வங்கியின் காசு. பில் கட்டும் திகதிக்கு முன்னரே "இது நான் செய்த செலவில்லை" என்று எழுதிக் கொடுத்து வழக்காடலாம். விசா, மாஸ்டர்காட் இரண்டிலும் பெரும்பாலான முறைப்பாடுகளுக்கு 120 நாள் அவகாசம் என்பது பொதுவான விதி. ஆனால் அந்த அவகாசத்தை நம்பி இருக்காமல் கண்ட அன்றே சொல்லிவிட வேண்டும்.

கிரடிட் காட் வேண்டாம் என்பவருக்கு இன்னொரு வழி இருக்கிறது. நான் எல்லோருக்கும் முதலில் சொல்வதும் அதைத்தான். இன்னொரு சேமிப்புக் கணக்குத் திறவுங்கள். அதற்கு மட்டும் காட் எடுங்கள். அதில் ஒரு மாதச் செலவுக்கு மேல் வைக்காதீர்கள். பெரிய தொகை கிடக்கும் கணக்குக்குக் காட்டும் வேண்டாம், இணைய வங்கியும் வேண்டாம், பாஸ்புக் போதும். முடிந்தால் அந்தக் கணக்கு வேறு வங்கியில் இருக்கட்டும். பாஸ்புக்கைக் கொண்டு போய், வரிசையில் நின்று, கையெழுத்து வைத்துக் காசு எடுப்பது கரைச்சல்தான். ரஷ்யாவிலோ கொழும்பிலோ இருந்துகொண்டு ஒருவன் திருடப் பார்த்தால் அந்தக் கரைச்சல் அவனுக்கும் உண்டு. சின்னக் கணக்கின் காட்டை மகள் வைத்திருக்கட்டும், மருமகன் வைத்திருக்கட்டும், பக்கத்து வீட்டுத் தம்பியிடம் கொடுத்துக் காசு எடுப்பியுங்கள். போனால் அந்த மாதச் செலவோடு போகும்.

கோண்டாவிலில் எனக்குத் தெரிந்த ஒரு ரீச்சர் இதைக் கேட்டுவிட்டு, "தம்பி, இது முந்தி அம்மா செய்த மாதிரித்தான். சந்தைக் காசு இடுப்பில, நகை பெட்டகத்தில" என்றார். அதைவிட விளக்கமாக என்னால் சொல்ல முடியவில்லை.

சரி, திருடனுக்கு என்னதான் வேண்டும்? காட்டின் முன்பக்கத்து இலக்கம், காலாவதியாகும் மாதமும் ஆண்டும், பின்பக்கத்து 3 இலக்கம். பல வெளிநாட்டு இணையக் கடைகளில் இவ்வளவும் போதும். போனுக்கு வரும் ஒருமுறை இலக்கமான ஓ.ரி.பி.யைக் கேட்காமலேயே காசு கழியும். கேட்பதா விடுவதா என்பது அந்தக் கடையின் ஏற்பாட்டையும் பொறுத்தது. ஆகவே "ஓ.ரி.பி.யைச் சொல்லாவிட்டால் பயமில்லை" என்று இருந்துவிடக் கூடாது. பின்பக்கத்து 3 இலக்கத்தைக் கடைகள் சேமித்து வைக்கக் கூடாது என்பது காட் நிறுவனங்கள் சேர்ந்து 2004 இல் கொண்டுவந்த பாதுகாப்பு விதிகளில் ஒன்று. கடை சேமிக்கக் கூடாததை நாங்கள் வட்ஸ்அப்பில் முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று என்று படமெடுத்து அனுப்புகிறோம். அந்தப் படம் அனுப்பியவரின் போனிலும் வாங்கியவரின் போனிலும் தங்கும். படங்களைத் தானாகச் சேமிக்கும் கணக்கு இருந்தால் அங்கேயும் போகும். பிறகு அந்தப் போன் பழுதாகித் திருத்தக் கொடுக்கப்படும், அல்லது தம்பிக்குக் கைமாறும். சித்தி காட் இலக்கம் அனுப்பத்தான் வேண்டும் என்றால் அழைப்பில் வாயால் சொல்லட்டும். இன்னும் நல்லது, கேக்கை அவவே அங்கிருந்து ஓடர் பண்ணட்டும்.

வங்கிச் செயலிகள் பலவற்றில் இணையக் கொள்வனவையும் வெளிநாட்டுப் பாவனையையும் தனித்தனியே நிறுத்தி வைக்கலாம். நாளொன்றுக்கு இவ்வளவுக்கு மேல் போகக் கூடாது என்று எல்லையும் போடலாம். செயலியில் இல்லாவிட்டால் கிளைக்குப் போய் எழுதிக் கொடுக்கலாம். வேண்டும்போது திறந்து, வேலை முடிந்ததும் பூட்டுவது அரை நிமிட வேலை. இதை ஒருவரும் தேடிப் பார்ப்பதில்லை என்பதுதான் என் மனவருத்தம்.

இனி, அழைப்பு எடுத்துப் பேசுகிறவர்கள். "வங்கியிலிருந்து பேசுகிறோம். உங்கட காட் 4 இல தொடங்குது, சரிதானே?" என்பான். கேட்பவருக்கு நெஞ்சு திடுக்கிடும். இவனுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறதே என்று தோன்றும். விசா காட் எல்லாமே 4 இல்தான் தொடங்கும். மாஸ்டர்காட் பெரும்பாலும் 5, சில 2. முதல் 6 அல்லது 8 இலக்கங்கள் காட்டை வழங்கிய வங்கியைக் குறிப்பவை. அதே வங்கியின் அதே வகைக் காட் வைத்திருக்கும் எல்லோருக்கும் அவை ஒன்றுதான். அவன் அதை வாசித்துக் காட்டிவிட்டு, மிச்சத்தை "உறுதிப்படுத்த" உங்களைச் சொல்லச் சொல்வான்.

பிறந்த திகதியைச் சொல்லி நம்பவைப்பது அதைவிடச் சுகம். பழைய அடையாள அட்டை இலக்கத்தில் முதல் 2 இலக்கமும் பிறந்த ஆண்டு, அடுத்த 3 இலக்கமும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அந்த நாளோடு 500 கூட்டியிருக்கும். புதிய 12 இலக்க அட்டையிலும் அதே ஒழுங்குதான், ஆண்டு மட்டும் 4 இலக்கமாக வரும். அந்த அட்டையின் போட்டோக்கொப்பி எங்கெங்கே கிடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். சிம் எடுத்த கடை, தவணைக்குப் பிரிட்ஜ் வாங்கிய கடை, வாடகைக்கு வீடு எடுத்த இடம், கொமினிகேசன் கடையில் சரியாக விழாமல் எறிந்த கொப்பி. அடையாள அட்டை இலக்கமும் பிறந்த திகதியும் சொன்னான் என்பதற்காக ஒருவன் வங்கி ஆள் ஆகிவிடமாட்டான். இதை நான் வகுப்பில் ஒவ்வொரு முறையும் கரும்பலகையில் எழுதிக் காட்டுகிறேன்.

இதோடு சேர்ந்த இன்னொன்று: ஏ.ரி.எம். பின் நம்பராகப் பிறந்த ஆண்டை வைக்கும் பழக்கம். 4 இலக்கத்தில் 10,000 சேர்க்கைகள் உண்டு. அதில் பிறந்த ஆண்டைத் தேர்ந்தால், அடையாள அட்டையும் காட்டும் ஒரே பேர்ஸில் போகும் நாளில் விடையையும் சேர்த்தே கொடுத்துவிடுகிறீர்கள். பிள்ளையின் பிறந்த ஆண்டும் அப்படித்தான். முகநூலில் வாழ்த்துப் படத்தோடு கிடக்கிறது.

ஓ.ரி.பி. வரும் எஸ்.எம்.எஸ்ஸில் எங்கள் கண் அந்த இலக்கத்துக்கு மட்டும்தான் போகிறது. பெரும்பாலும் அதைச் சுற்றி எழுதியிருக்கும்: எந்தக் கடை, எந்த நாணயம், எவ்வளவு தொகை. "உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கு, இலக்கத்தைச் சொல்லுங்கோ" என்று ஒருவன் கேட்கும்போது, அதே எஸ்.எம்.எஸ்ஸில் யூரோவில் ஒரு தொகை இருந்தால் அது வரும் காசா, போகும் காசா? காசு வந்து சேருவதற்கு ஓ.ரி.பி. தேவையே இல்லை. கணக்கு இலக்கம், பெயர், வங்கி, கிளை போதும். சில வேளை அந்த ஓ.ரி.பி. கொள்வனவுக்காகவும் இராது, உங்கள் இணைய வங்கியைத் தன் போனில் பதிவதற்காக அவன் கேட்டதாக இருக்கும். அது ஒரு கொள்வனவோடு நிற்காது, கணக்கே அவன் கைக்குப் போய்விடும்.

பொதி வந்திருக்கிறது, சிறு தொகை கட்டுங்கள் என்று தபால் திணைக்களத்தின் பெயரில் வரும் எஸ்.எம்.எஸ். பற்றித் திணைக்களமே பகிரங்கமாக எச்சரித்திருக்கிறது. வெளிநாட்டிலிருந்து பொதி வருவது எங்கள் ஊரில் சாதாரண விஷயம் என்பதால் அது இங்கே நன்றாகப் பலிக்கிறது. கேட்கும் தொகை சிறிதாக இருப்பதே தந்திரம். அவனுக்கு வேண்டியது அந்தத் தொகை இல்லை, நீங்கள் தட்டச்சுச் செய்யும் காட் விபரம். வட்ஸ்அப்பில் வரும் செயலிக் கோப்பை நிறுவச் சொன்னாலோ, அழைப்பின் நடுவில் திரையைப் பகிரச் சொன்னாலோ போனை வைத்துவிடுங்கள். திரையைப் பகிர்ந்தால் அந்தக் கணம் வந்துவிழும் ஓ.ரி.பி.யை அவன் நேரே வாசிப்பான், நீங்கள் வாயே திறக்கத் தேவையில்லை.

சிம் உங்கள் பெயரில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மாற்றுங்கள். நீண்டகாலம் பாவிக்காத இலக்கத்தை நிறுவனம் வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். பிறகு உங்கள் வங்கி எஸ்.எம்.எஸ். அவருக்குப் போகும். மின்னஞ்சலுக்கு, வேறெங்கும் பாவிக்காத கடவுச்சொல் ஒன்றும், அதற்கு மேலே இன்னொரு குறியீடும் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பும் கட்டாயம். இணையத்தில் காசு கட்டப் பாவிக்கும் பேபால் உட்படப் பல கணக்குகளின் கடவுச்சொல்லை அந்த மின்னஞ்சலுக்குள்ளால் மாற்றிவிடலாம்.

பேபால் பற்றிச் சொல்ல வேண்டும். இலங்கையிலிருந்து பேபாலில் காசு கட்டலாம், வாங்க முடியாது என்ற நிலைமை நெடுங்காலமாக இருந்துவந்தது. இணையத்தில் வடிவமைப்பு வேலை செய்யும் எங்கள் பிள்ளைகள் அதனால் லண்டன் மச்சானின் பேபாலில் காசு வாங்கினார்கள், அல்லது "சரிபார்த்த கணக்கு" என்று முகம் தெரியாத ஒருவனிடம் விலைக்கு வாங்கினார்கள். விலைக்கு வாங்கிய கணக்கு உங்களுடையதே இல்லை. விற்றவன் நினைத்தால் தன் அடையாளத்தைக் காட்டித் திருப்பி எடுத்துக்கொள்வான். அதற்குள் இருக்கும் உங்கள் மாதக்கணக்கு உழைப்பு அவனுடையது. பொருள் வாங்கும்போது ஒரு விஷயம்: விற்பவர் "நண்பர், குடும்பத்தினர் என்று அனுப்புங்கோ, கட்டணம் மிச்சம்" என்றால் ஒத்துக்கொள்ள வேண்டாம். அந்த வகையில் அனுப்பிய காசுக்குக் கொள்வனவுப் பாதுகாப்பு இல்லை. பொருளுக்கான கொடுப்பனவாக அனுப்பினால் 180 நாளுக்குள் முறையிடலாம்.

இவை எல்லாவற்றையும்விட இப்போது எனக்குக் கவலை தருவது கணக்கை இரவல் கொடுப்பது. வேலை தேடிக்கொண்டிருக்கும் ஒரு பெடியனுக்கு ரெலிகிராமில் ஒரு வேலை வரும். "உங்கட கணக்குக்குக் காசு வரும், அதில உங்கட பங்கை எடுத்துக்கொண்டு மிச்சத்தை இன்னொரு கணக்குக்குப் போடுங்கோ." காட்டும் பின் நம்பரும் கொடுத்தால் மாதம் இவ்வளவு வாடகை என்றும் கேட்கிறார்கள். அவனுக்கு அது ஒரு திருட்டு என்றே தெரியாது. வந்துவிழுவது எங்கேயோ ஒரு அம்மாவிடம் ஏமாற்றி எடுத்த காசு. பொலிஸார் பின்தொடர்ந்து வரும்போது அவர்கள் கையில் கிடைக்கும் ஒரே பெயர் இந்தப் பெடியனுடையது. குற்றத்தில் வந்த காசைக் கைமாற்றிச் சுத்தமாகக் காட்டுவதைத் தடுக்கும் 2006 ஆம் ஆண்டின் பணம் தூயதாக்கல் தடைச் சட்டமும், 2007 ஆம் ஆண்டின் கணினிக் குற்றச் சட்டமும் நாட்டில் இருக்கின்றன. வாழ்க்கை தொடங்கும் வயதில் வழக்கு. வெளிநாட்டு விசாவுக்குப் பொலிஸ் அறிக்கை கேட்கும் ஊரில், அதன் பாரம் என்ன என்று நான் சொல்லத் தேவையில்லை. பெற்றோரே, உங்கள் பிள்ளையின் கணக்கில் காரணமில்லாமல் காசு வந்து போகிறதா என்று தயவுசெய்து கேளுங்கள். திட்டாமல் கேளுங்கள்.

அடுத்தது வெளிநாட்டு உறவின் பெயரில் வரும் வட்ஸ்அப் செய்தி. "தங்கச்சி, அவசரம், பின்னேரம் திருப்பிப் போடுறன்." இலக்கம் சரி, படமும் சரி. ஆனால் எழுதுவது அண்ணை இல்லை. அவருக்கு வந்த 6 இலக்கக் குறியீட்டை யாரோ ஏமாற்றி வாங்கி அவருடைய வட்ஸ்அப்பைத் தன் போனில் திறந்துவிட்டார்கள். இரண்டடுக்குச் சரிபார்ப்பு என்ற அமைப்பைத் திறந்து ஒரு பின் நம்பர் வைத்திருந்தால் அந்தக் குறியீடு மட்டும் போதாமல் போயிருக்கும். செய்தி கிடைத்தவர் பக்கத்தில் செய்யக்கூடியது ஒன்றுதான். வட்ஸ்அப்பில் இல்லாமல் சாதாரண அழைப்பு எடுங்கள், அல்லது அண்ணியின் இலக்கத்துக்கு எடுங்கள். எடுக்கச் சங்கடமாக இருந்தால், பேர் சொன்ன ஆளுக்கும் உங்களுக்கும் மட்டும் தெரிந்த எதையாவது கேளுங்கள். ஊர்க்கதை கேட்டால் போதும், திருடனுக்கு ஊர்க்கதை தெரியாது.

இங்கே ஒரு அநியாயம் இருக்கிறது. பிரித்தானியாவுக்குள் ஒருவர் ஏமாந்து வங்கி வழியாகக் காசு அனுப்பிவிட்டால், 2024 ஒக்டோபர் 7 முதல், 85,000 பவுண்ட்ஸ் வரை வங்கிகள் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது அங்கே பொதுவிதி. அனுப்பிய வங்கியும் வாங்கிய வங்கியும் பாதிப் பாதி ஏற்கின்றன. அந்த நாட்டிலிருந்து வெளிநாட்டுக்கு அனுப்பும் காசுக்கு அது செல்லாது. லண்டன் அண்ணை இங்கே உங்கள் பெயரைச் சொன்ன திருடனுக்கு அனுப்பினாலும் அந்த விதி காப்பாற்றாது. நீங்கள் இங்கிருந்து இன்னொரு கணக்குக்கு அனுப்பினால், வங்கிகளுக்கிடையிலான உடனடிப் பரிமாற்றம் சில விநாடிகளில் போய்ச் சேர்ந்துவிடும். அனுப்பியவர் மனம் மாறினால் நிறுத்தும் பொத்தான் அதில் இல்லை.

அதனால்தான் நடந்துவிட்டால் நிமிடக் கணக்கு. காட்டின் பின்பக்கத்தில் வங்கியின் 24 மணிநேர இலக்கம் இருக்கும். காட் தொலைந்தால் இலக்கமும் தொலையும் என்பதால் அதை இன்றே இரண்டு போனில் பதிந்துவையுங்கள். முதலில் காட்டையும் இணைய வங்கியையும் முடக்கச் சொல்லுங்கள். முறைப்பாட்டு இலக்கம், பேசியவர் பெயர், நேரம் மூன்றையும் எழுதுங்கள். காசு போன கணக்கின் வங்கிக்கும் உடனே அறிவிக்கச் சொல்லுங்கள். அங்கே இன்னும் எடுக்கப்படாமல் இருந்தால் நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. பிறகு பொலிஸ் நிலையம். இலங்கைக் கணினி அவசர பதிலளிப்புப் பிரிவுக்கு 101. வங்கி சரியான பதில் தராவிட்டால் மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் பிரிவுக்கு 1935. எஸ்.எம்.எஸ்களையும் செய்திகளையும் அழிக்காதீர்கள், கோபத்தில்கூட.

ஆனால் எங்கள் ஊரில் அந்த நிமிடங்கள் வேறொன்றில் கழிகின்றன. வெட்கத்தில். படித்த ஆள், ரீச்சர், வங்கியிலேயே வேலை செய்து ஓய்வுபெற்றவர், எப்படி ஏமாந்தார் என்று சனம் கதைக்கும் என்ற பயத்தில். மகனுக்குத் தெரியக் கூடாது என்று இரண்டு நாள் ஒளித்துவைத்துவிட்டு மூன்றாம் நாள் என்னிடம் வந்த ஒரு மாமி இருக்கிறார். அந்த இரண்டு நாளில் திருடன் அதே கணக்கைத் திரும்பத் திரும்பத் தொட்டிருந்தான். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நாள் முழுக்க இதையே தொழிலாகச் செய்யும் ஆட்களுக்கு முன்னால் அவர் தனியாக நின்றார். அப்படி ஒருவர் உங்கள் வீட்டில் வாய் திறந்தால், முதல் கேள்வியாக "ஏன் சொன்னனீங்கள்?" என்று கேட்காதீர்கள். "வங்கிக்கு எடுத்தாச்சா?" என்று கேளுங்கள்.

கடைசியாக வங்கிகளிடம் ஒரு கேட்பு. என் அயலில் வயதானவர்களின் போனுக்கு வரும் வங்கி எஸ்.எம்.எஸ். நான் பார்த்தவரை ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. "இந்த இலக்கத்தை ஒருவருக்கும் சொல்லாதீர்கள்" என்ற எச்சரிக்கையும் ஆங்கிலத்தில். அந்த எழுத்தை வாசிக்கத் தெரியாத அம்மாதான் போனைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓடுகிறார். அழைப்பில் இருக்கும் திருடனோ அவரோடு நல்ல தமிழில் பேசுகிறான். கடையின் பெயர், தொகை, எச்சரிக்கை மூன்றையும் தமிழில் அனுப்ப ஒரு வங்கிக்குப் பெரிய செலவு வராது. என் வங்கிக் கிளையில் இதை எழுத்தில் கொடுத்திருக்கிறேன். நீங்களும் அடுத்த முறை பாஸ்புக்கைக் கொண்டு போகும்போது, ஒரு தாளில் எழுதி, திகதி போட்டு, கிளை முகாமையாளரிடம் கொடுங்கள். பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் வாங்குங்கள்.